கொட்டாவியில் ஆரம்பிக்கும்: வலி மாத்திரையை விடுவது பற்றிக் கேள்வி பதில்

மருத்துவமனை மருந்தகத்தில் 26 வருடம் நின்றவன் நான். டாக்டர் இல்லை. ஆனால் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 14 மாதம் டிரமடால் சாப்பிட்டு, அதை விடுவதற்குள் பட்ட பாடு என் சொந்தப் பாடு. அபின் மாதிரி வேலை செய்யும் ஓபியாய்டு வகை வலி மருந்துகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். டிரமடால், டேபென்டடால், கோடீன், மார்ஃபின், ஃபென்டனில் ஒட்டுப்பட்டை எல்லாம் இந்த வகையறா. பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் இதில் சேராது. உங்கள் டோஸை மாற்றுவது உங்கள் டாக்டரின் வேலை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித் தருவது என் வேலை.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 12 நாளாக டிரமடால் கலந்த மாத்திரை கொடுக்கிறோம். பழகிவிடும், நிறுத்து என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.

12 நாள் பெரிய விஷயம் இல்லை. வலி குறையக் குறைய டாக்டர் சொல்கிறபடி மூன்று வேளையை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி, சில நாட்களில் நிறுத்திவிடலாம். பயந்துபோய் இன்றே நிறுத்தி, வலியில் அம்மா பிசியோதெரபிக்குக் காலை மடக்காமல் விட்டால் மூட்டு இறுகிப்போகும். எனக்கு அதுதான் பெரிய பயம்.

கேள்வி: டிஸ்க் பிரச்சினைக்கு, மெதுவாகக் கரையும் டேபென்டடால் எஸ்ஆர் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். இப்போது வலி பரவாயில்லை. போன வாரம் நானாக நிறுத்தினேன். இரண்டாம் நாள் காய்ச்சல் மாதிரி வந்து, வயிறு கலங்கி, தூக்கமே இல்லை. திரும்பப் போட்டதும் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. எனக்கு என்ன ஆச்சு?

எனக்கு ஆனதுதான். நான் போகியன்று நிறுத்தினேன், பழையதைக் கழிக்கிற நாள் என்று ஒரு அசட்டுக் கணக்கு. பொங்கலன்று காலை கொட்டாவி ஆரம்பித்தது. சும்மா கொட்டாவி இல்லை, தாடை வலிக்க வலிக்க ஒன்றன்பின் ஒன்றாக. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். ஜலதோஷம் என்று என் மனைவி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். மாட்டுப் பொங்கல் இரவு கால் குடைச்சல், உடம்பெல்லாம் புல்லரிப்பு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழிப்பறை. மருந்தோடு புழங்கிய எனக்கே அது மருந்தை நிறுத்தியதால் வந்தது என்று மூன்றாம் நாள்தான் உறைத்தது.

உடம்புக்குள் நடப்பதை வடம் இழுக்கும் போட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மாத்திரை நரம்புகளை ஒரு பக்கம் இழுத்து மந்தமாக்குகிறது. மாதக்கணக்கில் அது தொடர்ந்தால் உடம்பு ஈடுகட்ட எதிர்ப்பக்கம் இழுத்துப் பழகிவிடும். மூளைத்தண்டில், படபடப்பைத் தூண்டும் நார்அட்ரினலின் சுரக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அது அப்படித்தான் பலம் ஏற்றி வைத்திருக்கும். திடீரென்று மாத்திரையை விட்டால் எதிரணி கயிற்றைக் கைவிட்ட மாதிரி, மொத்தமாக மறுபக்கம் போய் விழுகிறோம். படபடப்பு, வியர்வை, கண்மணி விரிவது, புல்லரிப்பு எல்லாம் அதனால்தான். குடலிலும் இதே கதை. மாத்திரை மலச்சிக்கல் கொடுத்தது இல்லையா, விட்டதும் அதற்கு நேர் எதிர்.

சாதாரண மாத்திரை என்றால் கடைசி வேளையிலிருந்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். எஸ்ஆர் மாதிரி மெதுவாகக் கரைபவை கொஞ்சம் தாமதமாகத் தொடங்கி இன்னும் சில நாள் நீளும். தூக்கமும் மனசும் சரியாக வாரக்கணக்கில் ஆகலாம்.

எப்படிக் குறைப்பது என்பதற்கு வருகிறேன். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு ஒவ்வொரு படியிலும் 10 முதல் 25 சதவீதம் வரை குறைத்து, அடுத்த படிக்கு முன் 2 முதல் 4 வாரம் நிற்கச் சொல்வது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வழிகாட்டல். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு மாதம் 10 சதவீதம் போதும். உங்கள் கணக்கு தினமும் 200 மில்லிகிராம். 150க்கு இறங்குவது 25 சதவீதம், சரி. 150லிருந்து 100க்கு என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. 50லிருந்து பூஜ்ஜியத்துக்கு என்றால் முழுசும். மில்லிகிராம் கணக்கில் எல்லாம் ஒரே 50தான், உடம்புக்கு அப்படி இல்லை. பலர் கடைசிப் படியில் தோற்பது இதனால்தான். 100க்குக் கீழே வரும்போது எஸ்ஆருக்குப் பதில் சாதாரண 50ஐ எழுதித் தந்து பாதிப் பாதியாகக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எஸ்ஆர் மாத்திரையை மட்டும் ஒருபோதும் உடைக்கவோ மெல்லவோ கூடாது, 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

என் விஷயத்தில் 50 மில்லிகிராம் கேப்சூல் நான்கு. கேப்சூலைப் பாதியாக்க முடியாதே, அதனால் டாக்டர் நடுவில் டிரமடால் 37.5, பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார். கடைசி மாதம் முழுக்க, மாத்திரை வெட்டும் சின்ன டப்பாவில் வைத்து அதை இரண்டாக்கி, பாதியை இரவு மட்டும் சாப்பிட்டேன். மொத்தம் ஐந்து மாதம் ஆனது. ஒரு படியில் முடியவில்லை என்றால் அங்கேயே இன்னும் இரண்டு வாரம் நிற்கலாம், தப்பே இல்லை. ஏறி ஏறி இறங்குவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் நான் மாத்திரைக்கு அடிமையா?

நிறுத்தினால் உடம்பு கஷ்டப்படுவது உடல் பழக்கம். அது யாருக்கும் வரும், டாக்டர் சொன்னபடி ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் வரும். வலி இல்லாதபோதும் மனம் தேடுவது, எழுதியதற்கு மேல் சாப்பிடுவது, மறைப்பது, கடை கடையாக அலைவது, வேலையும் வீடும் கெட்டாலும் விட முடியாதது, இவைதான் அடிமைத்தனம். அதுவும் ஒரு நோய், அதற்கும் மருத்துவம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பலர் டாக்டரிடம் வாயைத் திறப்பதில்லை.

கேள்வி: குறைக்க ஆரம்பித்ததிலிருந்து இரவில் கால் குடைகிறது. தூக்கத்துக்கு அல்பிரசோலம் போட்டுக்கொள்ளலாமா? வீட்டில் பழைய பட்டை இருக்கிறது.

வேண்டவே வேண்டாம். ஓபியாய்டோடு அல்பிரசோலம், டயஸிபாம், மது இவற்றில் எது சேர்ந்தாலும் தூக்கத்தில் மூச்சு மந்தமாகி நின்றுபோகலாம். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலினுக்கும் கேபாபென்டினுக்கும்கூட இந்த எச்சரிக்கை உண்டு, டாக்டர் அளவு பார்த்து எழுதினால்தான். ஏற்கெனவே தினமும் அல்பிரசோலம் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம்.

கால் குடைச்சலுக்கு எனக்கு உதவியது: படுக்கும் முன் ஒரு வாளி சூட்டுத் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்தது, கெண்டைச்சதையை நீவிவிட்டது, மதியத்துக்குப் பிறகு காபியை விட்டது. தூக்கம் வராமல் கட்டிலில் புரள்வதைவிட எழுந்து கொஞ்சம் நடப்பது மேல். படபடப்பும் வியர்வையும் அதிகமானால் டாக்டர் குளோனிடின் எழுதலாம். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மருந்து, அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். நானாகக் கேட்டு வாங்கிய முதல் நாள், எழுந்து நின்றதும் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

கேள்வி: வயிற்றுப்போக்குக்கு லோபெரமைடு?

டாக்டர் சொன்ன அளவில் ஓரிரு நாள் சரி. இதுவும் ஓபியாய்டு குடும்பம்தான், குடலோடு நின்றுகொள்ளும் பிள்ளை. அள்ளிப் போட்டால் வலி மாத்திரையை விடும் கஷ்டம் குறையும் என்று சிலர் போட்டு, இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்திருக்கிறார்கள். முக்கியமானது நீர்ச்சத்து: ஓஆர்எஸ் கரைசல், உப்புப் போட்ட மோர், அரிசிக் கஞ்சி. வாந்தி நிற்காமல் எதுவுமே தங்கவில்லை என்றால் வீட்டில் இருக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் எழுதியிருக்கிறார்கள். டிரமடாலும் சாப்பிடுகிறேன்.

எழுதிய இரண்டு டாக்டர்களுக்கும் மற்றவர் எழுதியது தெரியுமா? இரண்டும் மூளையில் செரோடோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டும். நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனை. டிரமடால் பாதி ஓபியாய்டு, பாதி மனச்சோர்வு மருந்து மாதிரி வேலை செய்யும். அதனால் அதை விடும்போது சிலருக்கு வழக்கமான கஷ்டங்களோடு பயம், குழப்பம், தலைக்குள் மின்சாரம் அடித்த மாதிரி உணர்வும் வரும். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயப்பட வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் 10 மில்லிகிராம் நான்கு மணிக்கு ஒருமுறை. "போதை மருந்து கொடுத்து முடித்துவிடுகிறார்கள்" என்று சித்தப்பா சண்டை போடுகிறார். நிறுத்திவிடலாமா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், வரும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வரும். நிறுத்தாதீர்கள். வலிக்குத் தக்க அளவில் கொடுக்கும் மார்ஃபின் ஆளை முடிப்பதில்லை, வலியோடு கிடக்கிறவரை எழுந்து உட்காரவைக்கிறது. கதிர்வீச்சு முடிந்து வலி குறைந்தால் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். மலச்சிக்கலுக்குத் தினமும் மருந்து சேர்க்கச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சிறுநீரகம் மந்தமானால் மார்ஃபின் உடம்பில் தேங்கும், அதையும் கேளுங்கள். சித்தப்பாவை அடுத்த முறை வலி நிவாரணப் பிரிவுக்குக் கூடவே கூட்டிப்போங்கள். டாக்டர் நேரில் சொன்னால் கேட்பார்.

கேள்வி: கணவர் சீட்டில்லாமல் டிரமடால் வாங்கி ஒரு நாளைக்கு 15, 20 மாத்திரை போடுகிறார். போன மாதம் வலிப்பு வந்தது. வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தலாம் என்கிறார் மாமியார்.

அம்மா, பூட்டாதீர்கள். டிரமடாலுக்கு ஒரு நாளைய உச்ச வரம்பு 400 மில்லிகிராம். 50 மில்லிகிராம் என்றே வைத்தாலும் 20 மாத்திரை 1000. அந்த அளவே வலிப்பை இழுத்து வரும். இவரை மருத்துவமனையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், சென்னைப் பக்கம் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது, 1980 முதல் இயங்கும் டிடிகே மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டும் இலவசம்.

அங்கே பியூப்ரினார்ஃபின் தரலாம். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை, ஏக்கத்தை அடக்கும், பழைய மாதிரி போதை ஏற்றாது. "ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா" என்று மாமியார் கேட்பார். இன்சுலின் போடுகிறவரை அப்படி யாரும் கேட்பதில்லை. ஆனால் முந்தைய மருந்து உடம்பில் நிறைய இருக்கும்போதே இதை வைத்தால் கஷ்டம் பல மடங்காகும். எப்போது தொடங்குவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம், டிரமடால் சாப்பிடுகிறேன்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீர் நிறுத்தம் வயிற்றில் இருக்கும் குழந்தையையும் பாதிக்கும். நாளைக்கே மகப்பேறு டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பிரசவத்தின்போது குழந்தை மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: பழைய டாக்டர் ஊர் மாறிவிட்டார். புது டாக்டர் டிரமடால் எழுதவே மாட்டேன் என்கிறார், கடையிலும் தரவில்லை.

2018 ஏப்ரலில் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தது, அதிலிருந்து கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள், நியாயம்தான். ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டவரை ஒரே நாளில் கைவிடுவதும் ஆபத்து. தாங்க முடியாத வலி, மனமுடைவு, தற்கொலை வரை போவதைக் கண்டு 2019ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைப் பற்றித் தனியாக எச்சரித்தது. பழைய சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எடுத்துப்போய், "தொடர்ந்து எழுதச் சொல்லவில்லை சார், குறைத்து நிறுத்த வழி சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பேச்சே மாறும். மாட்டேன் என்றால் வலி சிகிச்சை டாக்டரிடமோ மனநல டாக்டரிடமோ போங்கள். கையில் மிச்சம் பத்து மாத்திரை இருக்கும்போதே போங்கள், தீர்ந்த பிறகு அல்ல.

கேள்வி: நாட்டு மருந்தில் விட முடியுமா? ஒரு பொடி விற்கிறார்கள்.

என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியை வாங்காதீர்கள். பழைய வைத்திய முறைகளிலேயே அபின் சேர்த்த மருந்துகள் உண்டு. ஒன்றை விட இன்னொன்றில் மாட்டிக்கொள்வீர்கள். சுக்குக் கஷாயம் குடியுங்கள், அதற்கு நான் தடை சொல்லவில்லை.

கேள்வி: விட்டு மூன்று மாதம் ஆகிறது. நேற்று பல் வலி. பழைய மாத்திரை டப்பாவில் எட்டு இருக்கிறது. முன்பு போட்ட அளவே போடலாமா?

நல்லவேளை கேட்டீர்கள். தாங்கும் சக்தி விட்ட சில நாட்களிலேயே குறையத் தொடங்கிவிடும். முன்பு சாதாரணமாக இருந்த அளவு இப்போது மூச்சை நிறுத்தக்கூடும். விட்டவர்கள் சாவது பெரும்பாலும் இப்படிப் பழைய அளவுக்குத் திரும்பும்போதுதான். எழுப்பினாலும் எழாமல், உதடு நீலம் பாய்ந்து, மூச்சு விட்டுவிட்டு வந்தால் வீட்டில் இருப்பவர்கள் உடனே 108க்கு அழைக்க வேண்டும், எந்த மாத்திரை என்பதையும் சொல்ல வேண்டும். நலாக்சோன் ஊசி போட்டால் மூச்சு திரும்பும்.

பல் வலிக்குப் பல் டாக்டரிடம் போங்கள், இந்த மருந்தில் 14 மாதமோ எட்டு மாதமோ இருந்து விட்டவர் என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்த எட்டையும் பட்டையிலிருந்து உரித்து, பழைய காபித்தூளோடு ஈரமாகப் பிசைந்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். இன்றைக்கே.