லுசிட்டானோவில் ஏறப்போகிறீர்களா? குதிரைப் பயிற்சிப் பயணம்: வாசகர் கேள்வி–பதில்

நான் ரைடிங் பள்ளி நடத்துகிறேன். நவம்பரில் ஐந்து மாணவர்களோடு போர்ச்சுகல் போய், அந்நாட்டு இனமான லுசிட்டானோ குதிரைகளில் நான்கு நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, கோலெகா குதிரைச் சந்தையையும் லிஸ்பனையும் பார்த்துவர ஆசை. கையில் இருப்பது பத்து நாள். எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது?
— வாசகர், கோவை

சவாரி நாட்களை முதலில் குறித்துவிடுங்கள். ஊர் சுற்றுவதை மிச்சமிருக்கும் இடத்தில் பொருத்திக்கொள்ளலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, மூன்றாம் நாள் சேணத்தில் உட்கார முடியாமல் தவிக்கிறார்கள்.

நவம்பரில் போர்ச்சுகல் நேரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. இறங்கிய மறுநாள் குதிரை வேண்டாம். அன்று லிஸ்பனின் பெலெம் பகுதிக்குப் போங்கள். ஆற்றங்கரையை ஒட்டிய சமதளம், கால் நோகாது. தேசியக் கோச்சு வண்டி அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. 1905-இல் அது தொடங்கப்பட்டதே பழைய அரச குதிரைப் பயிற்சிக் கூடத்தில்தான். மூன்றாம், நான்காம் நாட்களில் சவாரி, ஐந்தாம் நாள் ஓய்வு, ஆறு, ஏழில் மீண்டும் சவாரி. தொடையின் உள்பக்கமும் இடுப்பும் வலிப்பது முதல் நாளைவிட இரண்டாம் நாள்தான் அதிகம். நான்கு நாளையும் சேர்த்து ஓட்டினால் கடைசி இரண்டு நாள் பணம் வீண். வலிக்கிற உடம்பு இறுகும், இறுகிய உடம்பைக் குதிரை ஏற்காது.

ஓய்வு நாளில் அல்ஃபாமா மேட்டிலோ சின்ட்ரா மலையிலோ ஏறாதீர்கள். லிஸ்பன் நடைபாதைகளில் பதித்திருக்கும் சிறு சுண்ணாம்புக் கற்கள் மழையில் நனைந்தால் வழுக்கும், நவம்பரோ மழை மாதம். கணுக்கால் பிசகினால் பயிற்சி அதோடு முடிந்தது. அன்று உட்கார்ந்து பார்க்கிற வேலையை வையுங்கள். 1979-இல் தொடங்கப்பட்ட போர்ச்சுகீசியக் குதிரையேற்றக் கலைப் பள்ளி, பெலெமில் உள்ள கூடத்தில் காலைப் பயிற்சியைப் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறது. எந்தெந்தக் கிழமை என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, உங்கள் ஓய்வு நாளை அதற்கேற்ப நகர்த்துங்கள். அங்கே உள்ளவை 1748-இல் நிறுவப்பட்ட ஆல்டர் பண்ணையின் வழிவந்த செம்பழுப்புக் குதிரைகள். ஒரு குதிரையைத் தேர்ந்தெடுத்து, அது உள்ளே வருவது முதல் வெளியே போவது வரை அதன் பின்னங்கால்களை மட்டும் பாருங்கள். சவாரி செய்பவர் எந்த நொடியில் கடிவாள வாரைத் தளர்த்துகிறார் என்று மாணவர்களைக் குறித்துவரச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரம் ஒரு பாடத்துக்குச் சமம்.

கோலெகா கடைசியில் வரட்டும். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளை ஒட்டி நடக்கும் சந்தை அது. ஊர் நடுத் திடலைச் சுற்றிய மண் பாதையில் குதிரைகள் நள்ளிரவு தாண்டியும் வலம் வரும், தெருவெல்லாம் சுட்ட செஸ்ட்நட் வாசம். இரவு அவ்வளவு நேரம் விழித்துவிட்டு மறுநாள் காலை பாடத்துக்கு நிற்பது நடக்காது. ஊர் சின்னது, அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். பக்கத்திலுள்ள என்ட்ரொன்கமென்டோ, தோரஸ் நோவாஸ், சான்டரேம் ஊர்களில் தேடுங்கள். என்ட்ரொன்கமென்டோவுக்கு லிஸ்பனிலிருந்து ரயில் உண்டு, அங்கிருந்து டாக்ஸி. இருட்டில், கூட்டத்தில், முன்பின் தெரியாத குதிரைகளின் பின்பக்கம் நிற்கக் கூடாது என்பதை மாணவர்களுக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

என் மாணவர்கள் எல்லோரும் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் குதிரைகளில் பழகியவர்கள். லுசிட்டானோவில் ஏறியதும் என்ன தடுமாற்றம் வரும்?
— பயிற்சியாளர், சென்னை

வருகிற தடுமாற்றம் பெரும்பாலும் ஒன்றுதான். கால் இறுக்கமும் கை இறுக்கமும் ஒன்றாகச் சேர்வது.

முதல் காலை நடப்பது இது. மாணவர் பழக்க தோஷத்தில் இரண்டு கெண்டைக்காலாலும் விலாவை அழுத்துகிறார், அதே நேரம் வாரைப் பிடித்துவைக்கிறார். நன்றாகப் பழக்கப்பட்ட லுசிட்டானோவுக்கு அது ‘உடம்பைச் சுருக்கு’ என்ற கட்டளை. முதுகை உயர்த்தி, இருந்த இடத்திலேயே கால் மாற்றி மாற்றித் தூக்குகிறது. மாணவரோ ‘முரண்டு பிடிக்கிறது’ என்று நினைத்துக் குதிகாலால் உதைக்கிறார். வால் சுழல்கிறது, காது பின்னால் போகிறது, அடுத்த உதைக்குக் குதிரை முன்னால் பாய்கிறது. குதிரைமேல் குற்றம் இல்லை, கேட்டதைத்தான் கொடுத்தது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: மூச்சை முழுக்க வெளியே விடுங்கள், கெண்டைக்காலை விலாவிலிருந்து சற்றே விலக்குங்கள், கையை முன்னால் விட்டு வாரில் இரண்டு விரல் இடம் கொடுங்கள், 10 மீட்டர் வட்டத்தில் நடையில் விடுங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் பெரும்பாலும் கழுத்து நீண்டுவிடும்.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு மாணவருக்கும் முதல் பாடம் லஞ்ச் கயிற்றில் (ஆசிரியர் நடுவில் நின்று பிடித்துக் குதிரையை வட்டமிட வைக்கும் நீண்ட கயிறு) இருக்கட்டும் என்று பண்ணையில் கேட்டு வாங்குங்கள். அங்கவடி இல்லாமல் 20 நிமிடம் போதும். ‘இவ்வளவு தூரம் வந்து கயிற்றில் சுற்றுவதா’ என்று முகம் சுளிப்பவருக்குத்தான் அது அதிகம் தேவைப்படும்.

மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பாசு’ நடை, ‘த்ரோட்’ ட்ராட் (துள்ளுநடை), ‘ஆல்டு’ நில். ‘கலோப்’ என்று அவர்கள் சொல்வது கான்டரை, அதாவது நிதானமான பாய்ச்சலை. அதை முழு ஓட்டம் என்று நினைத்து முன்னால் சாய்ந்தால், சின்னக் கூடத்தில் குதிரை குழம்பிவிடும். இந்த நான்கு சொற்களையும் கிளம்பும் முன்பே மனப்பாடம் செய்ய வையுங்கள்.

பாடம் நடக்கும்போது கூடத்தில் ஒரே குரல்தான் கேட்க வேண்டும், அது பண்ணை ஆசிரியரின் குரல். நீங்கள் ஓரத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள், இரவுச் சாப்பாட்டில் பேசலாம். அவர் ஒன்று சொல்ல நீங்கள் ஒன்று சொன்னால், மாணவர் இரண்டையும் விட்டுவிட்டுக் குதிரையை இறுக்கிப் பிடிப்பார்.

எடையையும் மறைக்காமல் எழுதி அனுப்புங்கள். சேணம் உட்பட, சுமை குதிரை எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலான கணக்கு. 500 கிலோ குதிரைக்கு 100 கிலோ. இது உச்ச வரம்பு, பல பண்ணைகள் இதைவிடக் குறைவாகவே ஏற்கின்றன. போய் இறங்கிய பிறகு ‘உங்களுக்குக் குதிரை இல்லை’ என்று கேட்பது கொடுமை.

விசா எந்த வகையில் எடுப்பது? காப்பீடு போதுமா?
— வாசகி, மதுரை

பயிற்சி எடுத்துக்கொள்ளவும் ஊர் பார்க்கவும் ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) குறுகிய கால விசா போதும். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன் என்பது கடைசிக் கெடு, அதுவரை காத்திருக்காதீர்கள். பண்ணையிடமிருந்து தேதியும் பாட விவரமும் உள்ள கடிதம் வாங்கி இணையுங்கள். அங்கே நீங்களே கூலிக்குப் பாடம் நடத்துவதாக இருந்தால் அது வேலை. அதற்கு இந்த விசா செல்லாது.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 1973-இல் தொடங்கிய ஹெரெஸ் நகரின் அந்தலூசியக் குதிரைப் பள்ளியையும் பார்க்க ஆசைப்பட்டு, போர்ச்சுகலில் 4 இரவு, ஸ்பெயினில் 6 இரவு என்று திட்டம் மாறினால், விண்ணப்பம் ஸ்பெயினுக்குப் போக வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு அதிக நாள் தங்கும் நாடுதான் கணக்கு.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்க வேண்டும். அது விசாவுக்கான நிபந்தனை மட்டுமே. குதிரையிலிருந்து விழுந்தால் பணம் வருமா என்பது வேறு கேள்வி. ‘சாகச விளையாட்டு’ விலக்குப் பத்தியைப் படியுங்கள், குதிரைச் சவாரி அங்கே ஒளிந்திருக்கலாம். சவாரியும் பயிற்சியும் உள்ளடங்கும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஹெல்மெட், பூட்ஸ், சேணம் எல்லாம் இங்கிருந்தே கொண்டு போகலாமா?
— வாசகர், ஊட்டி

சேணம் வேண்டாம். அது குதிரையின் முதுகுக்குப் பொருந்த வேண்டியது, உங்களுக்கு அல்ல. ஹெல்மெட்டைக் கைப்பையில் வையுங்கள். சரக்கில் போட்டு அடிபட்டால், வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். ஸ்பர் (பூட்ஸ் குதிகாலில் மாட்டும் முள்), சாட்டை இரண்டும் சரக்குப் பெட்டியில். காற்று நிரம்பும் பாதுகாப்பு ஜாக்கெட் என்றால், அதன் வாயுக் குப்பிக்கு விமான நிறுவனத்திடம் முன்அனுமதி கேளுங்கள்.

பூட்ஸ்தான் முக்கியம். நம் நாட்டுக் குதிரைகளிடம் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் இன்னும் இருக்கிறது. பூட்ஸ் அடியிலுள்ள சாணத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, சோப்பு நீரில் கழுவிய பிறகு கிருமிநாசினியில் முக்கி, வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். அழுக்கின்மேல் கிருமிநாசினி ஊற்றினால் வேலை செய்யாது. கையுறையும் பிரீச்சஸும் (சவாரிக் கால்சட்டை) துவைத்தவையாக இருக்கட்டும். திரும்பி வரும்போதும் இதே முறைதான். இங்கே உங்களை நம்பிக் கொட்டிலில் குதிரைகள் நிற்கின்றன.

சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
— வாசகி, கும்பகோணம்

‘கால்டு வேர்த்’ என்ற கீரை–உருளைக்கிழங்கு சூப்பைச் சைவம் என்று நம்பிவிடாதீர்கள், பன்றித் தொத்திறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும். மதியச் சாப்பாடு பண்ணையிலேயே என்றால் முன்பதிவின்போதே எழுதுங்கள். இங்கிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போகலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு செல்லத் தடை உண்டு.

சந்தையில் ஒரு குதிரை பிடித்துப்போனால் வாங்கி வந்துவிடலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

அன்றே முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத கால்நடை மருத்துவரை வைத்து, கால் மடக்குச் சோதனையும் (காலைச் சற்று நேரம் மடக்கிப் பிடித்துவிட்டு, ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பது) எக்ஸ்ரேயும் எடுங்கள். உண்ணி மூலம் பரவும் பைரோபிளாஸ்மோசிஸ் அந்தப் பகுதியில் பரவலாக உண்டு. வெளியே நோயே தெரியாமல் ரத்தத்தில் மட்டும் கிருமி இருக்கும் குதிரைகள் பல. அந்த ரத்தப் பரிசோதனை முடிவையும், இந்தியாவில் இறக்குமதி அனுமதியையும் கையில் வாங்கிய பிறகு விலை பேசுங்கள்.