கணவர் கையெழுத்து, மாமியார் அனுமதி: கர்ப்பகாலக் கேள்வி-பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை கணவர்களும் மாமியார்களும் எழுதியவை. கர்ப்பிணிகள் தாங்களே எழுதியது மிகக் குறைவு.

மனைவிக்கு ஏழாம் மாதம். பி.பி. கொஞ்சம் கூட இருக்கிறதாம். உப்பைக் குறைத்தால் போதுமா?

கொஞ்சம் என்றால் எவ்வளவு? எண்ணை எழுதாமல் பதில் கேட்பது விலாசம் எழுதாமல் தபால் போடுவது மாதிரி. 140/90-ஐத் தொட்டால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தாக வேண்டும். 160/110 என்றால் உடனே ஆஸ்பத்திரி. உப்பைக் குறைத்தால் இது அடங்காது. எண்ணைக் குறித்து வையுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்கிறார் அத்தை.

பிறக்காது. மலம்தான் கறுப்பாகப் போகும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுகிற பெண்ணுக்கு மாத்திரை மட்டும் என்ன செய்யும்? சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். ஹீமோகுளோபின் 11 இருப்பவர் தாங்கிவிடுவார், 6 இருப்பவர் தாங்கமாட்டார். மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். ஹீமோகுளோபின் எண்ணையும் குறித்து வையுங்கள்.

அக்காவுக்கு உடனே சிசேரியன் என்றார்கள். அத்தான் துபாயில். மாமியார் வந்து கையெழுத்துப் போட மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். எல்லாம் தலையெழுத்தா?

கர்ப்பப்பை தப்பியிருக்குமா என்பதைக் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்று மணி நேரம் தலையெழுத்து அல்ல, கையெழுத்து.

18 வயது முடிந்து, நினைவோடு இருக்கும் பெண்ணுக்கு அவருடைய சம்மதமே போதும். கணவர் கையெழுத்துப் போட்டால்தான் சிசேரியன் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நினைவு தப்பி, உயிருக்கு ஆபத்து என்றால், உடன் யாருமே இல்லாவிட்டாலும் டாக்டர் செய்யலாம். இது டாக்டர்களான எங்களுக்கும் தெரியும். பிறகு ஏன் கேட்கிறோம்? நாளைக்குச் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து கண்ணாடியை உடைப்பார்களே என்ற பயம். எங்கள் பயத்துக்கு உங்கள் அக்காக்கள் விலை கொடுக்கிறார்கள்.

பிரசவத்துக்குப் பின் வரும் கடும் ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் ஆளைக் கொன்றுவிடும். வீட்டில் முடிவெடுக்க ஒரு தாமதம், ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்று, சேர்ந்த பின் சிகிச்சை கிடைக்க ஒன்று என்று 1994இலேயே தேடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் தாய்மாரைக் கொல்லும் தாமதத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். 108 வந்த பிறகு நம் ஊரில் இரண்டாவது நிறையக் குறைந்தது. முதலாவது அப்படியே உட்கார்ந்திருக்கிறது: மாமியார் வரட்டும், ராகுகாலம் கழியட்டும். தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 50-க்கும் கீழே இறங்கிவிட்டது என்று பெருமைப்படுகிறோம். பிழைத்து, கர்ப்பப்பையை இழந்தோ சிறுநீரகம் கெட்டோ வீடு திரும்புகிறவர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

எட்டாம் மாதத்திலேயே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவசரம் என்றால் முடிவு அவளுடையது. ரத்தம் கொடுக்க யார் வருவார்கள் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறேன். அங்கே மறுபடி முதலிலிருந்து காட்ட வேண்டுமா?

வேண்டாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பி.பி. குறித்த அட்டை, பிக்மி எண் (அரசிடம் கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த எண்) எல்லாம் கையோடு போகட்டும். சீர்வரிசையை மறக்காதவர்கள் ஃபைலை மறந்துவிடுகிறார்கள். போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள கிராம செவிலியரைப் பாருங்கள்.

மில்லில் லீவு கேட்டால் வேலை போய்விடும் என்கிறார்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், 80 நாளாவது வேலை செய்திருக்கிறீர்கள் என்றால் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. கான்ட்ராக்ட் மூலம் வந்தவருக்கும் உண்டு. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது குற்றம். எழுத்தில் கேளுங்கள்.

பிரசவமாகி ஐந்து நாள். மருமகளுக்குத் தலைவலி, கண் மங்குகிறது. பச்சை உடம்பு என்பதால் மாத்திரை தரவில்லை. தண்ணீரும் குறைத்துத்தான் தருகிறோம். சரிதானே?

சரியில்லை. பிள்ளை பிறந்த பிறகும் பி.பி. ஏறும், வலிப்பு வரும். தண்ணீரை அடக்கினால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். இதைக் கடிதத்தில் கேட்பார்களா? உங்களுக்குத் தனியாகப் பதில் போய்விட்டது. இதே நிலையில் மருமகளை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிற மற்றவர்கள், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.