ஊரிலிருந்து நண்பர்கள் பாரிஸுக்கு வருகிறார்கள், எங்கே கூட்டிப்போவது?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் புதுச்சேரி முத்தியால்பேட்டை. கல்யாணமாகி பாரிஸ் பக்கத்தில் சார்செலில் இருக்கிறேன். கடலூரில் என்னோடு காலேஜ் படித்த இரண்டு தோழிகள் குடும்பத்தோடு ஜூன் மாதம் வந்து ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கப்போகிறார்கள். ஐஃபெல் கோபுரம், லூவர், வெர்சாய், டிஸ்னிலாண்ட் என்று நீளமாக ஒரு பட்டியலே அனுப்பிவிட்டார்கள். எனக்கோ சனி, ஞாயிறு தவிர லீவு கிடையாது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதலில் அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள், அதையும் அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே போனில் பேசி அடித்துவிடுங்கள். பல வருஷம் பாரிஸில் குடியிருந்து, புதுச்சேரியிலிருந்து வந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு சுற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு நாளைக்குப் பெரிய இடம் ஒன்றுதான். காலையில் லூவர், மத்தியானம் நோத்ர தாம், சாயங்காலம் ஐஃபெல் என்று ஓடினால் குழந்தைகள் நாலு மணிக்கே அழ ஆரம்பித்துவிடும், பெரியவர்களுக்கும் கால் ஓய்ந்துபோய் எதைப் பார்த்தோம் என்பதே மனசில் நிற்காது.

லீவு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஜூனில் அங்கே ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், நீங்கள் ஆறு மணிக்கு வேலை முடித்து வந்தாலும் ஒரு முழு சாயங்காலம் கையில் இருக்கிறது. பகலில் அவர்களே போய்வரட்டும். லூவருக்கும் வெர்சாய்க்கும் நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும். லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, வெர்சாய் அரண்மனைக்கும் ஓர்சே மியூசியத்துக்கும் திங்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்னிலாண்டுக்கு ஒரு நாள் முழுசாகப் போய்விடும், செலவும் அதிகம், குழந்தைகள் ரொம்ப ஆசைப்பட்டால் மட்டும்.

சாயங்காலங்களை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றுக்கு நான் சொல்கிற வழியில் போய்ப் பாருங்கள். மெட்ரோ ஆறாவது லைனில் டூப்ளே என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, பெரும்பாலான டூரிஸ்டுகள் அங்கே இறங்குவதே இல்லை. நம் கடற்கரைச் சாலையின் தென்கோடியில் சிலையாக நிற்கிறாரே, 1742 முதல் 1754 வரை புதுச்சேரியில் கவர்னராக இருந்த அதே டூப்ளேதான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் டூப்ளே தெரு, சற்றுத் தள்ளி நம் ஊர் பெயரிலேயே ஒரு தெரு, 'ரூ தெ போந்திஷேரி' என்று நீலப் பலகை போட்டிருக்கும். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, சாதாரணக் குடியிருப்புத் தெருதான், ஆனால் அந்தப் பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுக்காத நம் ஊர்க்காரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தது டூப்ளேயிடம்தான் என்று குழந்தைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. உங்கள் தோழிகள் கடலூர்க்காரர்கள் அல்லவா, அவர்களுக்கு இதில் கூடுதலாகவே பேச விஷயம் இருக்கிறது: ஆங்கிலேயர் கையிலிருந்த தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிக்க டூப்ளே அனுப்பிய படைகள் தோற்றுத்தான் திரும்பின, பிரெஞ்சுக்காரர் கைக்கு அது 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்த பிறகுதான் போனது.

அப்புறம் அதே ஸ்டேஷனில் எத்துவால் போகிற ரயிலில் ஏறுங்கள், எல்லோரும் வலது பக்க ஜன்னலோரம் வந்துவிடட்டும். அந்த இடத்தில் மெட்ரோ தரைக்குக் கீழே போகாமல் தூண்கள் மேலே ஓடுகிறது, மூன்றாம் மாடி வீட்டுக்காரர்களின் பால்கனிப் பூந்தொட்டிகள் கண்ணுக்கு நேரே நகர்ந்துகொண்டே வரும், பீர்-ஹாக்கீம் ஸ்டேஷன் தாண்டியதும் கட்டடங்கள் சட்டென்று விலகி, கீழே சேன் நதி, வலது பக்கத்தில் ஐஃபெல் கோபுரம் அடியிலிருந்து உச்சி வரைக்கும் முழுசாகத் தெரியும். அரை நிமிஷம்கூட இருக்காது. பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே வாயடைத்துப்போவார்கள், வேறெந்த வழியாகப் போய்ப் பார்த்தாலும் அந்தச் சந்தோஷம் வராது என்பது என் எண்ணம். அடுத்தடுத்து பாஸி, த்ரோக்காதெரோ. த்ரோக்காதெரோவில் இறங்கிப் படிக்கட்டில் உட்காருங்கள், கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், அங்கே ஜேப்படித் திருடர்கள் அதிகம். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் கோபுரம் ஐந்து நிமிஷம் மினுக்கும், ஜூனில் அதற்குப் பதினோரு மணி வரை காத்திருக்க வேண்டிவரும், சார்செலுக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முன்னாடியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை உங்களுக்கும் லீவுதானே, அன்றைக்கு ஆசியக் கலைப்பொருட்கள் இருக்கிற கிமே மியூசியம் போங்கள். த்ரோக்காதெரோவிலிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராஜர் இருக்கிறார். சிதம்பரம் இருக்கிற மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் அவர் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பாருங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

பாஸ் விஷயம் ஒன்று. மெட்ரோ, ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லுகிற நாவிகோ வாரப் பாஸுக்கு, வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் கணக்கு கிடையாது, திங்கள் தொடங்கி ஞாயிற்றோடு முடிந்துவிடும், நடப்பு வாரத்துக்கானதை வியாழன் வரைக்கும்தான் தருவார்கள். ஏர்போர்ட், வெர்சாய், டிஸ்னிலாண்ட் எல்லாமே அதில் அடக்கம். அதனால் ஞாயிறு ராத்திரியோ திங்கள் காலையோ வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் போடச் சொன்னால் நல்ல மிச்சம். பாஸ் அட்டைக்கு ஆளுக்கு ஒரு சின்ன போட்டோ ஊரிலிருந்தே கொண்டுவரட்டும்.

இன்னொன்று, இது எல்லாவற்றுக்கும் முந்தியது. உங்கள் வீட்டில் தங்குகிறார்கள் என்றால் விசாவுக்கு உங்கள் ஊர் மேரியிலிருந்து, அதாவது நகராட்சி அலுவலகத்திலிருந்து, வரவேற்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும், அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம். கையில் கிடைக்க நாளாகும், இப்போதே போய்ச் சேருங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு அவர்கள் எடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 64, திருப்பாதிரிப்புலியூர். பாரிஸில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன். முழங்கால் வலி உண்டு, ஊர் சுற்ற முடியுமா? அவளுக்கு என்ன எடுத்துக்கொண்டு போகலாம்?

பதில்: தாராளமாகச் சுற்றலாம் அம்மா, மெட்ரோவை மட்டும் நம்பாதீர்கள். பழைய ஸ்டேஷன்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, லைன் மாறுவதற்குள் ஏறி இறங்கும் படிகளே உங்களைப் படுக்க வைத்துவிடும். பஸ்ஸில் போகலாம் என்று சிநேகிதியிடம் சொல்லிவிடுங்கள், நேரம் ஆனாலும் ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாம். சேன் நதியில் ஒரு மணி நேரப் படகுச் சவாரி உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், உட்கார்ந்த இடத்திலேயே பாதி பாரிஸ் முடிந்துவிடும். நோத்ர தாம் 2019 தீ விபத்துக்குப் பிறகு சீரமைத்து 2024 டிசம்பரில் திறந்தார்கள், உள்ளே போக காசில்லை.

எடுத்துப் போவதில் பால்கோவா மாதிரிப் பால் பலகாரமும் கறியும் வேண்டவே வேண்டாம், ஐரோப்பாவுக்குள் அனுமதி இல்லை. கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். கருவாடு கொண்டுபோகலாம், சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரைக்கும் மீன் சாமான் அனுமதி உண்டு. துறைமுகத்து நெத்திலிக் கருவாட்டை மூன்று கவர் போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

கேள்வி: வருகிறவர்களை பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷாப்பெல் கூட்டிப்போனால், இவ்வளவு தூரம் வந்தும் தோசைக் கடையா என்று நினைக்கமாட்டார்களா? என் கணவர் வேண்டாம் என்கிறார்.

பதில்: கட்டாயம் கூட்டிப்போங்கள். அது தோசைக் கடை வீதி மட்டும் இல்லை. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்கள், மொழி தெரியாத ஊரில் ஹோட்டல்களில் பாத்திரம் கழுவி, கடையாக, கோவிலாக, நகைக்கடையாக, புத்தகக் கடையாக எழுப்பிய இடம் அது. நம் புதுச்சேரிக்காரர்கள் பலர் பிரெஞ்சு குடியுரிமையோடு போனவர்கள், அந்தச் சௌகரியம் அவர்களுக்கு இருந்ததில்லை. தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்கு நடுவில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டே அந்தக் கதையையும் சொல்லுங்கள். ஆகஸ்ட் கடைசியில் வந்தால் மாணிக்க விநாயகர் தேர் பார்க்கலாம், நடுத்தெருவில் மலைமலையாகத் தேங்காய் உடைப்பார்கள், பிரெஞ்சுக்காரர்களும் ஓரமாக நின்று கும்பிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொள்வார்கள். லூவரைவிட இதைப் பற்றித்தான் ஊருக்குத் திரும்பியவர்கள் என்னிடம் அதிகம் பேசியிருக்கிறார்கள்.

கேள்வி: செலவையெல்லாம் நாங்கள்தான் செய்ய வேண்டுமா? கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. (லாஸ்பேட்டை வாசகர், இப்போது பாரிஸில்)

பதில்: கூச்சப்பட்டால் அந்த வருத்தம் நட்பைத்தான் பாதிக்கும். தங்க இடமும் வீட்டுச் சாப்பாடும் உங்களுடையது, ரயில் பாஸும் நுழைவுச் சீட்டும் அவர்களுடையது என்று வருவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். டிக்கெட்டை நீங்கள் எடுத்துவிட்டு அப்புறம் காசு கேட்காமல், லிங்க்கை அனுப்பி அவர்களையே போடச் சொல்லுங்கள். வெளியே போகும்போது வீட்டிலிருந்து புளிச்சோறோ சப்பாத்தியோ கட்டிக்கொள்ளுங்கள், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், பாட்டில் போதும். ஒரே ஒரு நாள் மட்டும் நல்ல ரெஸ்டாரண்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அந்தப் பில்லை நீங்கள் கொடுங்கள்.