கேள்வி-பதில்: மினெர்வா அறைந்தாரா?

கேள்வி: டொமினிக்கன் குடியரசின் மிரபால் சகோதரிகளை (நால்வரில் மூவரை 1960இல் சர்வாதிகார ஆட்சி கொன்றது) வைத்து ஹூலியா ஆல்வாரெஸ் எழுதிய ‘இன் த டைம் ஆஃப் த பட்டர்ஃப்ளைஸ்’ நாவலைப் படித்தேன். நடன விருந்தில் சகோதரிகளில் ஒருவரான மினெர்வா, சர்வாதிகாரி த்ருஹியோவைக் கன்னத்தில் அறைகிறார். சிலிர்த்துப் போனேன். பிறகு தேடிப் பார்த்தால், அப்படி நடந்ததற்கு உறுதியான சான்று கிடையாதாம். இதற்குப் பெயர் சரித்திர நாவலா, மோசடியா? சர்வாதிகாரத்தை எதிர்த்த சகோதரிகளைப் பற்றி நானும் ஒரு நாவல் எழுதி வருகிறேன். கற்பனை எத்தனை சதவீதம் இருக்கலாம்?
- ஒரு வாசகர், தேனி

பதில்: தங்கத்தில் செம்பு சேர்க்கிற மாதிரி சதவீதம் கேட்கிறீர்கள். நாவலுக்கு அந்தக் கணக்கு கிடையாது. எந்த இடத்தில் கற்பனை நுழைந்தது என்று பாருங்கள். மோசடியா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

முதலில் மோசடிப் புகார். நாவலின் பின்னுரையில் ஆல்வாரெஸ் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்: இதில் வருபவர்கள் தான் கற்பனையில் உருவாக்கிய மிரபால்கள் என்று. கடைசிப் பக்கங்களைப் புரட்டாமல் புத்தகத்தை மூடிவிட்டு ஏமாற்றிவிட்டார் என்பது நியாயமில்லை. அந்த அறையை அவர் ஆகாயத்திலிருந்து பிடுங்கவும் இல்லை. அந்த நாட்டு ஜனங்கள் வாயில் வெகுகாலம் உலவிய கதை அது. 1930 முதல் 1961 வரை 31 ஆண்டுகள் ஒரே ஆளிடம் அடிபட்டவர்கள், ஒருத்தியாவது திருப்பி அடித்திருப்பாள் என்று நம்ப ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் அந்த நாவலில் எனக்குப் பிடிக்காத இடம் எது என்றால் உங்களைச் சிலிர்க்க வைத்த அதே இடம்தான்.

நடந்ததைப் பாருங்கள். 1949 அக்டோபர் 12, கொலம்பஸ் வந்திறங்கிய நாளின் கொண்டாட்டம். இடம் சான் கிறிஸ்தோபல், த்ருஹியோ பிறந்த ஊர். மிரபால் குடும்பத்துக்கு அழைப்பு வருகிறது. அந்தக் காலத்தில் அழைப்பு என்றால் உத்தரவு. மினெர்வாவுக்கு வயது 23. த்ருஹியோவின் கண் அவர் மேல் இருக்கிறது. மழை பிடித்துக்கொள்கிறது, குடும்பம் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. தலைவர் எழுந்து போவதற்கு முன்னால் விருந்திலிருந்து யாரும் கிளம்பக் கூடாது என்பது விதி. அந்தக் குற்றத்துக்காக அப்பா என்ரிக்கே மிரபால் கைதானார். மினெர்வாவையும் அவருடைய அம்மாவையும் தலைநகரில் ஒரு ஓட்டலில் காவலில் வைத்தார்கள். மினெர்வாவுக்கு பெரிக்லெஸ் பிராங்கோ என்ற இடதுசாரியோடு இருந்த நட்பையும் கிளறினார்கள். அப்பாவின் உடம்பு அதன்பிறகு தேறவில்லை. 1953இல் இறந்து போனார்.

மழைக்குப் பயந்து வீட்டுக்குப் போனதற்கு இத்தனை தண்டனை. இதைவிடக் கச்சிதமாக ஒரு சர்வாதிகாரத்தை எப்படிச் சொல்ல முடியும்? அறை ஒன்றைச் சேர்த்ததும் என்ன ஆகிறது தெரியுமா? தண்டனைக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அடி வாங்கியவன் கோபப்பட்டான் என்று ஆகிவிடுகிறது. அடி வாங்கினால் ஊர்ப் பண்ணையாரும்தான் கோபப்படுவார். காரணமே தேவைப்படாத ஓர் ஆட்சி, இரண்டு பேருக்கு இடையிலான சண்டையாகச் சுருங்கிவிடுகிறது. ஆவணம் வாய் திறந்து பேசுகிற இடத்தில் நாவலாசிரியர் குறுக்கே பேசினால் வருகிற சேதம் இது.

ஆவணம் வாய் மூடியிருக்கிற இடத்தில் அதே ஆல்வாரெஸ் என்ன செய்திருக்கிறார் பாருங்கள். கடைக்குட்டி மரியா தெரேசாவின் பகுதிகள் முழுக்க நாட்குறிப்பு. அதுவும் கற்பனைதான். சிறுமி எழுதத் தொடங்குகிறாள்: பள்ளிக்கூடம், காலணி, அக்காமார் மேல் புகார். பின்னால் சிறைக்குள்ளும் எழுதுகிறாள், அங்கே பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. கிழித்த பக்கத்தில் என்ன இருந்தது என்பது பிறகுதான் நமக்குத் தெரிகிறது. போலீஸ் கோப்பில் கைதான தேதி இருக்கும், தீர்ப்பு இருக்கும். சிறை அறைக்குள் பெண்கள் ஒருவரையொருவர் எப்படித் தாங்கிப் பிடித்தார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. கற்பனைக்கு உரிய நிலம் அதுதான்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? மினெர்வா, பாத்ரியா, மரியா தெரேசா மூவரும் ‘நான்’ என்று பேசுகிறார்கள். உயிரோடு மிஞ்சிய தேதே மட்டும் படர்க்கையில் வருகிறார், ‘அவள்’ என்று. பன்னிரண்டு அத்தியாயங்கள் அப்படியே போகின்றன. முடிவுரையில்தான் தேதே முதன்முறையாக ‘நான்’ என்கிறார். தங்கைகளும் அக்காவும் போன பிறகு, அவர்கள் கதையை முப்பது ஆண்டுகளாக வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தன் கதையையே தொலைத்த ஒரு பெண் இவர். அவருக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடையாது. நாவலின் சிறந்த கண்டுபிடிப்பு இதுதான் என்பேன். இதற்காக உங்களில் யாரும் சிலிர்த்ததாகக் கடிதம் வரவில்லை.

சரி, உங்கள் நாவல். எழுத உட்காரும் முன் ஒரு பெரிய தாளில் மூன்று பத்தி கொண்ட அட்டவணை போடுங்கள். முதல் பத்தி நாட்டில் நடந்தது. இரண்டாவது வீட்டில் நடந்தது: பிறப்பு, கல்யாணம், குழந்தைகளின் வயது, யார் எந்த வீட்டில் இருந்தார். மூன்றாவது பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அந்த மாதத்தில் ஒரு சாதாரண வீட்டின் மேல் ஆட்சி என்ன விதித்திருந்தது என்பது.

மிரபால் குடும்பத்துக்கு 1960ஆம் ஆண்டை நிரப்பிக் காட்டுகிறேன். ஜனவரி 10: மாவோ என்ற ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையில் கூடி, த்ருஹியோவுக்கு எதிரான ‘ஜூன் 14 இயக்கம்’ முறைப்படி அமைகிறது, மினெர்வாவின் கணவர் மனோலோ தவாரெஸ் ஹுஸ்தோ தலைவர். அந்த மாதமே ராணுவ உளவுத்துறை இயக்கத்தை மோப்பம் பிடித்துவிடுகிறது, கூட்டம் கூட்டமாகக் கைது, பெண்களும் உள்ளே. ஜனவரி 31: ஆயர்களின் கண்டனச் சுற்றுமடல் ஞாயிறு பூசையில் வாசிக்கப்படுகிறது. பிப்ரவரியில் பெண்கள் வெளியே வருகிறார்கள், மே மாதம் மினெர்வாவும் மரியா தெரேசாவும் மறுபடி உள்ளே போகிறார்கள். ஜூன் 24: கராகஸில் வெனிசுவேலா அதிபர் பெத்தன்கூரைக் கொல்ல த்ருஹியோ ஆட்கள் குண்டு வைக்கிறார்கள், அவர் தப்பிவிடுகிறார். ஆகஸ்ட்: அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பு த்ருஹியோ அரசு மீது தடை விதிக்கிறது. அதே ஆகஸ்டில் இரு சகோதரிகளும் விடுதலை, கணவன்மார் மட்டும் உள்ளேயே.

பத்தி பத்தியாக எழுதி வைத்தால்தான் அந்த ஆகஸ்ட் விடுதலை கருணையில் வந்ததல்ல என்பது கண்ணில் படும். வெளியே கழுத்தில் கயிறு இறுகிய மாதம் அது. இரண்டாவது பத்தியையும் நிரப்புங்கள்: அப்போது மினெர்வாவின் மகள் மினுவுக்கு நான்கு வயது நிறைகிற நேரம், மரியா தெரேசாவின் மகளுக்கு ஒன்றரை வயது. அட்டவணை இல்லாமல் எழுதினால் உங்கள் கதாநாயகி கையெழுத்துப் பிரதி முழுக்க வீர வசனம் பேசுவார், பிள்ளைக்கு யார் பால் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது பத்திக்கு அந்த நாட்டில் பஞ்சமே இல்லை. வீட்டில் தலைவரின் படம் இருக்க வேண்டும், இந்த வீட்டின் தலைவர் த்ருஹியோ என்ற பலகை தொங்க வேண்டும். ஆண்கள் மூன்று அட்டையோடுதான் தெருவில் நடக்கலாம்: அடையாள அட்டை, கட்சி அட்டை, ராணுவப் பயிற்சி அட்டை. அரசு ஊழியர் சம்பளத்தில் பத்து சதவீதம் கட்சிக்குப் பிடித்தம். உளவுத்துறையின் கறுப்பு ஃபோக்ஸ்வேகன் தெருமுனையில் நின்றால் கதவு ஜன்னல் சாத்தப்படும். ‘எல் கரிபே’ நாளிதழில் ‘ஃபோரோ பூப்லிகோ’ என்று வாசகர் கடிதப் பகுதி ஒன்று. அதில் இன்னார் நடத்தை சரியில்லை என்று கடிதம் வந்தால் அந்த ஆளின் வேலை போகப் போகிறது என்று அர்த்தம். எழுதியது வாசகர் இல்லை, அரண்மனை. (கேள்விகளை நானே எழுதிக்கொள்கிறேன் என்று சந்தேகப்படும் நண்பர்களுக்கு: இங்கே யாருக்கும் இதுவரை வேலை போகவில்லை.)

மினெர்வாவின் படிப்பும் இதே பத்தியில் சேரும். சட்டம் படித்து 1957இல் பட்டம் வாங்கினார். தொழில் செய்ய உரிமம் தரவில்லை. படிக்க விட்டுவிட்டு உரிமத்தை மறுத்தார்கள். தலைவரைச் சந்தித்து வசனம் பேசும் காட்சி எதுவும் இல்லாமலே இதில் ஒரு அத்தியாயம் இருக்கிறது.

இந்த வகை நாவல்கள் கவிழும் இடங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். காலம் தப்புவது முதலாவது. 1936 முதல் 1961 வரை தலைநகர் சாந்தோ தொமிங்கோவின் பெயர் சியுதாத் த்ருஹியோ. 1950இல் ஒரு கடைக்காரர் ‘சாந்தோ தொமிங்கோவுக்குப் போகிறேன்’ என்று சத்தமாகச் சொன்னால், ஒன்று அவர் அசட்டுத் துணிச்சல்காரர், அல்லது ஆசிரியர் கவனிக்கவில்லை. இயக்கத்தின் பெயரும் அப்படித்தான். 1959 ஜூன் 14 அன்று கியூபாவிலிருந்து விமானத்தில் வந்து கொன்ஸ்தான்சாவில் இறங்கி, பெரும்பாலும் கொல்லப்பட்ட போராளிகளின் நினைவாக வைத்த பெயர் அது. அதற்கு முன் யார் வாயிலும் வர முடியாது. இதைவிடப் பொல்லாதது, பாத்திரத்துக்கு முடிவு தெரிந்துவிடுவது. 1949இல் விருந்துக்குப் போகிற பெண்ணுக்கு 1960 தெரியாது. அவர் அன்றைக்கு உடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார்.

அடுத்தது குரல். நான்கு சகோதரிகளைப் பேசவிட்டால் நால்வரும் ஆசிரியர் குரலிலேயே பேசும் ஆபத்து உண்டு. ஒவ்வொருவர் பகுதியிலிருந்தும் ஒரு பக்கம் எடுத்து, பெயர்களை மறைத்து, நாவலைப் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். யார் பேசுவது என்று பிரிக்க முடியவில்லை என்றால் இரண்டு சகோதரிகளின் வாயை மூடிவிடுங்கள். பாத்ரியாவுக்குப் பக்தி உண்டு. அவரை அசைத்தது அரசியல் புத்தகம் இல்லை. கொன்ஸ்தான்சா மலையில் தியானத்துக்குப் போன இடத்தில் தன் பிள்ளை வயதுப் பையன் சுடப்பட்டுச் சாவதை நாவலில் பார்க்கிறார். ஒரே வீட்டில் நான்கு பெண்கள் நான்கு வெவ்வேறு வாசல் வழியாகப் போராட்டத்துக்குள் வந்தால்தான் (ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்) சகோதரிகள் என்பதற்கே பொருள்.

சர்வாதிகாரியை அடிக்கடி மேடையேற்றாதீர்கள். வந்தால் சுவாரசியமாகிவிடுவார், பிறகு அவரை இறக்க முடியாது.

கொலைக் காட்சி. 1960 நவம்பர் 25. மனோலோவையும் மரியா தெரேசாவின் கணவர் லெயாந்த்ரோவையும் அதற்குக் கொஞ்சம் முன்புதான் புவெர்த்தோ பிளாத்தா சிறைக்கு மாற்றியிருந்தார்கள், பெண்கள் மலைச்சாலையில் வரவேண்டும் என்பதற்காகவே. பார்த்துவிட்டுத் திரும்பும்போது மராபிக்கா பாலம் அருகே ஜீப்பை மறித்து, லா கும்ப்ரே என்ற இடத்துக்குக் கொண்டுபோய் அடித்துக் கொன்று, உடல்களை ஜீப்பில் வைத்துப் பள்ளத்தில் தள்ளி விபத்து என்றார்கள். ஆல்வாரெஸ் இதைக் காட்டவில்லை. மினெர்வாவின் குரல் வண்டி மலையேறும் இடத்தில் நின்றுவிடுகிறது, மிச்சம் தேதேயின் காதுக்கு வந்த வழியில் நமக்கு வருகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். அடியை எண்ணி எண்ணி வர்ணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும்.

அந்த நாளில் நீங்கள் விசாரிக்க வேண்டிய கேள்விகள் வேறு. பாத்ரியாவின் கணவர் புவெர்த்தோ பிளாத்தாவில் இல்லை. பார்க்க அவருக்கு அங்கே யாரும் கிடையாது. தங்கைகளைத் தனியே அனுப்பக் கூடாதென்று கூடவே ஏறியவர். வண்டி ஓட்டியவர் ரூஃபினோ தெ லா க்ரூஸ். இவர்களை ஏற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரிந்திருந்தபோது ஓட்டச் சம்மதித்தவர், அவரையும் கொன்றார்கள். பெண்கள் மீதான வன்முறையை ஒழிப்பதற்கான நாளாக ஐ.நா. 1999இல் அந்தத் தேதியை அறிவித்தது. மேடைதோறும் மூன்று சகோதரிகள் என்கிறோம், அன்று செத்தவர்கள் நான்கு பேர். உங்கள் பிரதியில் ஓட்டுநருக்குப் பெயரும், அவர் ஏன் சம்மதித்தார் என்பதற்கு ஒரு பக்கமாவதும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிச் சேர்த்த பிறகு அனுப்புங்கள். கூடவே அந்த அட்டவணையும் வேண்டும்.