கேரவன் சுவரில் இருக்கிற மூடியும் ஓட்டையும் எதற்கு? (கேள்வி பதில்)

வண்டியின் வெளிப்பக்கம் என்னவென்று புரியாத எதையும் கேளுங்கள், தெரிந்த வரை சொல்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி): எங்கள் ஹோம்ஸ்டேயில் ஜெர்மனியிலிருந்து ஓட்டி வந்த வண்டி நிற்கிறது. பக்கவாட்டில் மூடி, அதற்குள் நீல நிறத்தில் மூன்று பின். கரண்ட் கேட்கிறார்கள், கொடுக்கலாமா அண்ணா?

பதில்: தாராளமாக. அந்த நீலம் 230 வோல்ட்டுக்கான நிறம், நம் ஊர் கரண்ட்டும் அதுதான். ஆனால் உங்கள் எர்த் சரியா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கீசர் மாட்டுகிற 16 ஆம்பியர் பாயிண்டிலிருந்து எடுங்கள். ஒயரைச் சுருளாகவே விட்டால் சூடேறி உருகும், முழுதாக விரித்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (கூடலூர்): ஒரே மாதிரி இரண்டு மூடி இருக்கிறதே?

பதில்: குழாய்ப் படம் போட்டது குடிதண்ணீருக்கு, மற்றது டீசலுக்கு. எனக்குத் தெரிந்த ஒருவர் பங்க்கில் பேச்சு மும்முரத்தில் இருக்க, பையன் தண்ணீர் டேங்கில் டீசலை ஊற்றிவிட்டான். எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை, டேங்க், பைப், பம்ப் எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. நிரப்பும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி (ஊட்டி): பழைய வண்டி, ட்ரூமா கம்பெனி ஹீட்டர். ஜனவரியில் விடிந்து பார்த்தால் அடியில் ஒரு சின்ன பைப் வழியாக பாய்லர் தண்ணீர் முழுக்கக் கொட்டியிருக்கிறது. லீக்கா?

பதில்: லீக் இல்லை, வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. பக்கத்தில் இருக்கும் வால்வு சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் தானாகத் திறந்துகொள்ளும், இல்லாவிட்டால் உறைபனியில் தண்ணீர் கட்டியாகி பாய்லரையே பிளந்துவிடும். உள்ளே ஹீட்டரைப் போட்டு வால்வு 7 டிகிரிக்கு மேல் சூடான பிறகு கையால் மூடுங்கள். துணி கிளிப் போட்டு வால்வு திறக்காமல் பிடித்து வைக்கிற வழக்கம் சிலரிடம் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி (குன்னூர்): சமையல் பக்கம் வெளியே மேலும் கீழுமாக இரண்டு ஜன்னல் பலகை மாதிரித் தடுப்பு. ராத்திரி குளிர்காற்று உள்ளே வருகிறது, டேப் போட்டு ஒட்டிவிட்டேன். சரிதானே?

பதில்: முதலில் அந்த டேப்பைப் பிய்த்தெடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். அந்தத் தடுப்புக்கு உள்ளே இருப்பது கேஸில் ஓடுகிற பிரிட்ஜ், அதன் முதுகுக்குப் பின்னால் நெருப்பு எரிகிறது. கீழ்ப் பலகை வழியாகக் காற்று ஏறும், மேலே சூடும் புகையும் வெளியேறும். அடைத்தால் பிரிட்ஜ் குளிராது என்பது சின்ன விஷயம், நெருப்புக்குக் காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும், அதற்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. சிலிண்டர் பெட்டியின் தரையில் ஒரு துளை இருக்குமே, அதையும் சாக்குத் துணி வைத்து அடைக்காதீர்கள்: கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் அந்த வழியாகத்தான் இறங்கி வெளியே போக வேண்டும்.

உங்கள் குளிருக்குக் காரணம் வேறு. பிரிட்ஜைச் சுற்றி உள்பக்கம் இருக்கிற சீல் விட்டுப்போயிருக்கிறது. காற்று வீசுகிற நேரம் கேஸை மூடிவிட்டு, ஒரு நூலை இடுக்கு நெடுகப் பிடித்துக்கொண்டே போங்கள், எங்கே ஆடுகிறதோ அங்கேதான் ஓட்டை. அதைச் சரிசெய்யும் வரை பிரிட்ஜை கேஸில் போட வேண்டாம், கரண்ட்டிலேயே ஓடட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கி மாட்டிவிடுங்கள், இந்த வாரமே.