இரண்டாவது முறை வந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் உளவியலாளர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய சங்கத்தில் நான் உறுப்பினர். இந்த முறை ஆண்டறிக்கை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாதம் தவறாமல் கூட்டம் வைத்தோம். பள்ளி, கல்லூரிகளில் பேசினோம். அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஏற்காட்டில் முகாம் போட்டோம், நல்ல கூட்டம். அடுத்த ஆண்டு ஒரு மாநாடு, ஒரு மலர், முடிந்தால் சொந்த அலுவலகம் என்று திட்டம். எழுதி முடித்துப் படித்தால் எல்லாம் இருக்கிறது, ஆனாலும் ஏதோ குறைகிறது. வெளியிலிருந்து பார்க்கிற நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் முன்னேறியிருக்கிறோமா? அடுத்து எதை முதலில் செய்யலாம்?

(பெயர் வேண்டாம்), சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

அறிக்கையை இரண்டு தடவை படித்தேன். சம்பளமில்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்து இவ்வளவு செய்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு என் வணக்கம்.

அறிக்கையில் நான் தேடிக் கிடைக்காதது ஒன்றுதான். முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை வந்தார்கள்?

ஏன் இதைக் கேட்கிறேன் என்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் குடியிருந்த ஒருவரை மனநல ஆலோசனைக்கு அழைத்துப் போனேன். கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை. பற்றுப்பொடி வைத்து ஊதுகுழலால் ஊதி ஊதி வலது கட்டைவிரல் ஓரம் முழுக்கத் தீத்தழும்பு. மூன்று மாதமாகத் தூக்கமில்லை, கை ஓடவில்லை என்று பட்டறைக்குப் போவதையே விட்டிருந்தார். உள்ளே இருந்த இளைஞர் நல்லவர்தான். ஒரு தாளை எடுத்துக் கேள்விகளை வாசித்தார். கடந்த இரண்டு வாரங்களில், ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். உலகமெங்கும் பயன்படும் நல்ல தாள் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லை. டோக்கன் சீட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தவர் திடீரென்று சொன்னார்: "நெஞ்சுக்குள்ள ஊதுகுழல் வச்சு ஊதற மாதிரி இருக்குங்க. நிறுத்தவே மாட்டேங்குது."

அந்த இளைஞர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அந்த வாக்கியம் தாளில் ஏறவில்லை, ஏற அதில் இடமும் இல்லை. வெளியே வந்ததும், "அவரு கேட்டது எனக்குப் புரியலை, நான் சொன்னது அவருக்குப் புரியலை, விடுங்க" என்றார். அதற்கப்புறம் எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

நெஞ்சு அடைக்குது, தலைக்குள்ள கனமா இருக்கு, மனசு ஒரு நிலையில இல்லை, எதுலயும் பிடிப்பு இல்லை. நம் ஆட்கள் இப்படித்தான் சொல்வார்கள். இதில் எது பதற்றம், எது மனச்சோர்வு, எது உடல்நோய் என்று பிரித்தறியப் படித்தவர்கள் நீங்கள். எனக்கு அந்தப் படிப்பு இல்லை. ஆனால் இந்தச் சொற்களைத் தொகுக்க உங்கள் சங்கத்தைவிடப் பொருத்தமானவர்கள் யார்? செவ்வாய்ப்பேட்டைச் சுமை தூக்குபவர், அம்மாப்பேட்டைத் தறிக்காரர், ஜவ்வரிசி ஆலையில் மாவு காயவைக்கும் பெண், ஏற்காட்டுத் தோட்டத்து மலையாளிப் பழங்குடி மூதாட்டி, ஒவ்வொருவரும் தன் துன்பத்தை எப்படிச் சொல்கிறார் என்று பேர் ஊர் இல்லாமல் எழுதி வையுங்கள். மாநாட்டு மலர் போடுவதாக இருந்தால் இதையே மலராகப் போடுங்கள். வாழ்த்துச் செய்திகள் வேண்டாம்.

அடுத்தது மலை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி நீங்கள் முகாம் போட்டது அக்டோபரில். அடுத்த மாதமே காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும், ஜனவரி வரை ஓடும், அதையொட்டி மிளகு. அந்த நாட்களில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் இரண்டாவது முறை வருவார்? அதுவும் ஏற்காடு டவுனுக்கே பஸ் பிடித்து வரவேண்டிய உள்கிராமத்துக்காரர்? முகாம் போடுகிற எல்லோரும் அக்டோபர் 10-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். நாள் நல்ல நாள்தான், ஆனால் மலைக்கு அது வசதியான நாள் இல்லை. பறிப்பு முடிந்த பிறகு, சந்தை நாளில், மாதம் ஒருமுறை அதே இருவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பெரிய பந்தல் வேண்டாம். ஆனால் கதவு மூடும் ஓர் அறை கட்டாயம் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெண் தன் வீட்டுக் கதையைச் சொன்னால், அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் கதை போய்ச் சேர்ந்துவிடும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது.

அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவையும் மலையில் எடுத்துச் சொல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரியில் உண்மையை மறைக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 2018-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தும் அந்தப் பயம் போகவில்லை. கூடவே 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி அது, 2022-இல் தொடங்கியது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கல்லூரிகள் பற்றி ஒரு விஷயம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறும் அதற்கு மேலும் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. சேலத்தைச் சுற்றி எத்தனை பொறியியல், நர்சிங் கல்லூரிகள்! அத்தனை பேருக்கு எங்கே போவார்கள்? மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் போர்டு மாட்டிவிடுவார்கள் என்பதுதான் என் கவலை. சாதாரண ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியாது. மனநல மருத்துவர் மருந்து எழுதுவார், உளவியலாளர் எழுத மாட்டார் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலர் சட்டம் தன் கீழ் கொண்டுவந்தது. யார் என்ன படித்தார், எங்கே பதிந்திருக்கிறார், எதற்கு அவரிடம் போகலாம், எதற்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கே போய்விட வேண்டும் என்று இரண்டு பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டு மருந்துக்கடைகளில் ஒட்டுங்கள். சொந்த அலுவலகம் இரண்டு ஆண்டு கழித்து வரட்டும்.

முன்னேறியிருக்கிறீர்களா என்று கேட்டீர்கள். பெங்களூரு தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் 2015-16-இல் எடுத்த தேசிய ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. மனநோய் உள்ளவர்களில், நோய்க்கு நோய் மாறுபட்டாலும், 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சைக்கு வெளியேதான் இருக்கிறார்கள் என்றது அந்த ஆய்வு. இந்த வெளியே இருக்கிற கூட்டத்தில் எங்கள் கொலுசுக்காரர் மாதிரி ஒருமுறை வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களை எண்ணுங்கள். அறிக்கையில் "மீண்டும் வந்தவர்கள்" என்று ஒரு வரி சேருங்கள். முதல் ஆண்டு அந்த எண் சின்னதாக இருந்தாலும் அப்படியே போடுங்கள், உங்கள் மேல் எனக்கு மரியாதைதான் கூடும்.

உங்கள் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று எழுதுங்கள், வருகிறேன். எங்கள் கொலுசுக்காரர் இப்போது மறுபடி பட்டறைக்குப் போகிறார், ஆனால் தூக்கம் இன்னும் சரியாகவில்லை என்கிறார். தொகுத்த சொற்களை வைத்து நீங்கள் ஒரு கேள்வித்தாள் தயாரித்தால், அதை யாராவது படித்துப் பார்த்து, புரிகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டுமே. அவரைக் கேட்டுப் பார்க்கிறேன். இதற்கென்றால் ஒருவேளை வருவார்.