ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு எந்த டயர்?

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாக வாங்கினேன். வேலைக்கு ரயிலில் போகிறேன். கார் வார இறுதியில் மட்டும்தான் வெளியே வரும். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். பின் டயர்களின் பள்ளங்களில் 2 மி.மீ. ஆழம்தான் மிச்சம், முன் டயர்களில் 4 மி.மீ. நான்கிலும் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் கடைசி எண் 1418. ஒரு கடைக்காரர் உயர்ந்த ரக ஸ்போர்ட்ஸ் டயரைக் காட்டுகிறார். இன்னொருவர், அது சீக்கிரம் தேய்ந்துவிடும், இரண்டு மடங்கு ஓடும் டயரை வாங்குங்கள் என்கிறார். பின்னால் இரண்டை மட்டும் மாற்றினால் போதும் என்று நண்பர் சொல்கிறார். ஆறு மாதச் செலவுக்கான அவசரகாலச் சேமிப்பு இருக்கிறது, அதைத் தொட மனம் வரவில்லை. வட்டியில்லாத் தவணையில் வாங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் விலையைவிட முக்கியமான எண் அந்த 1418. 2018-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் தயாரான டயர்கள் அவை. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெயிலிலும் காற்றிலும் இறுகிக்கொண்டே போகும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், எப்படியிருந்தாலும் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது தயாரிப்பாளர்கள் பலரின் அறிவுரை. வேகமாகப் போகக்கூடிய ஒரு காரில் நான் பத்து வரை காத்திருக்க மாட்டேன், ஆறோடு நிறுத்திக்கொள்வேன். ஆகவே, முன் டயர்களில் ஆழம் இருக்கிறதே என்ற கணக்கு உங்களுக்கு உதவாது. நான்கையும் மாற்றுங்கள். டயர்கள் இரண்டு ஆண்டு மட்டுமே பழையவை என்றால் உங்கள் நண்பர் சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன்.

இனி, எந்த டயர் என்ற கேள்வி. எண்களை எளிதாக்க, உயர்ந்த ரக ஸ்போர்ட்ஸ் டயர் செட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். அது 30,000 கிலோமீட்டர் ஓடும் என்போம். நீண்ட நாள் உழைக்கும் டயர் செட்டின் விலை 90, ஓட்டம் 60,000. இரண்டாவது கடைக்காரர் மனத்தில் போட்ட கணக்கு இதுதான்: ஆயிரம் கிலோமீட்டருக்கு ஸ்போர்ட்ஸ் டயரில் 3.33 செலவு, மற்றதில் 1.50. பாதிக்கும் குறைவு! தினமும் நெடுஞ்சாலையில் ஓடி ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் எட்டுபவருக்கு அவர் சொன்னதுதான் முழுக்கச் சரி. ஸ்போர்ட்ஸ் டயர் ஒன்றரை ஆண்டில் தீர்ந்துவிடும், மற்றது மூன்று ஆண்டு வரும்.

ஆனால் நீங்கள் அவர் இல்லை. ஆறு ஆண்டில் உங்கள் கார் ஓடப்போவது 30,000 கிலோமீட்டர்தான். நீண்ட நாள் டயரில் மீதி 30,000 கிலோமீட்டர் அப்படியே இருக்க, ரப்பர் முதுமை அடைந்துவிடும். பயன்படுத்தாமல் தூக்கி எறியப்போகும் உழைப்புக்கும் சேர்த்து இன்று பணம் கொடுக்கிறீர்கள். உங்கள் ஓட்டத்துக்குக் கணக்கிட்டால் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றில் 3.33, மற்றதில் 3.00. பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் கரைந்துவிட்டது, பாருங்கள். பல டயர்களின் பக்கச்சுவரில் 200, 300, 500 என்று தேய்மான எண் போட்டிருப்பார்கள். எண் கூடினால் உழைப்பு கூடும். அந்த எண்ணைத் தருவது தயாரிப்பாளரே என்பதால், ஒரு நிறுவனத்தின் டயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இதைவிட மலிவாக, பெயர் தெரியாத நிறுவனத்தின் டயர் 55-க்குக் கிடைக்கலாம். மிச்சமாகும் 45-ஐ ஆறு ஆண்டின் 72 மாதங்களுக்குப் பங்கிடுங்கள். மாதத்துக்கு 0.63 வருகிறது, அதாவது செட் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. டயர் ஒன்று சாலையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் மழையில் பிரேக் போடுகிறோம். சேமிப்பை வலியுறுத்துவதே என் தொழில். இந்த ஓர் இடத்தில் சேமிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. யாரோ கழற்றிப்போட்ட பழைய டயரும் வேண்டாம், உள்ளே என்ன அடி வாங்கியிருக்கிறது என்பது வெளியே தெரியாது.

பணம் மிச்சமாகும் வழிகள் வேறு இருக்கின்றன. ஒரு நிறுவனம் புதிய மாடலை வெளியிட்டதும் முந்தைய மாடலின் விலை இறங்குவதுண்டு. உங்களைப் போன்றவருக்கு அது அருமையான பேரம், தயாரிப்பு வாரம் அண்மையதாக இருக்கும் வரை. ஓராண்டு கிடங்கில் கிடந்த டயர் என்றால் உங்கள் ஆறு ஆண்டில் ஒன்று போய்விட்டது என்று கொள்ளுங்கள். விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள். அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 225/40 ஆர்18 92ஒய் என்றிருந்தால் முதல் பகுதி டயரின் அளவு, 92 என்பது டயர் ஒன்றுக்கு 630 கிலோ சுமை, ஒய் என்பது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். காரின் கையேடு கேட்பதற்குக் குறைவான சுமை எண்ணையும் வேக எழுத்தையும் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் ஏற்காதீர்கள். குளிர் 7 டிகிரிக்குக் கீழே போகும் ஊரில் இருந்தால் கோடை டயரின் (ஸ்போர்ட்ஸ் டயர்கள் பெரும்பாலும் இந்த வகைதான்) ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். அந்த மாதங்களில் காரை நிறுத்திவைக்க முடியாதென்றால் எல்லாப் பருவத்துக்குமான டயரைக் கேளுங்கள்.

விலை கேட்கும்போது பொருத்துக்கூலி, வால்வு, பேலன்சிங், அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), பழைய டயரை அப்புறப்படுத்துவது எல்லாம் சேர்ந்த ஒரே தொகையாகக் கேளுங்கள். அலைன்மெண்ட்டைத் தவிர்த்துச் சிக்கனம் செய்பவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். சக்கரத்தின் சாய்வு தவறினால் உள் ஓரம் மட்டும் தேயலாம்; வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதாகவே தெரியும், உட்புறம் கம்பி தெரியும்வரை யாரும் கவனிப்பதில்லை.

அடுத்து, தவணை. வட்டியில்லை என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். “முழுப் பணத்தையும் இன்றே கட்டினால் எவ்வளவு?” என்று முதலில் கேளுங்கள். ரொக்கத்துக்குத் தள்ளுபடி இருந்தால் அந்தத் தள்ளுபடிதான் உங்கள் வட்டி. செயலாக்கக் கட்டணமும் வட்டிதான். இரண்டும் இல்லையென்றால், ஆறு மாதத்துக்குள் முடியும் தவணையை எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. வித்தியாசம் இருந்தால் அவசரகாலச் சேமிப்பிலிருந்தே எடுங்கள். தயக்கம் புரிகிறது. ஆனால் பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ.; நீங்கள் 2-இல் இருக்கிறீர்கள். 3 மி.மீ.-க்குக் கீழேயே ஈரச் சாலையில் நீரை வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். அந்தப் பணம் இப்படி ஒரு தேவைக்கும் சேர்த்துத்தான். எடுத்ததை நான்கைந்து மாதத்தில் திரும்பப் போட்டுவிடுங்கள்.

அது நிரம்பிய பிறகு, டயருக்கென்று தனியாக ஒரு சிறு சேமிப்பைத் தொடங்குங்கள். இன்று கொடுக்கும் மொத்தத் தொகையை 72-ஆல் வகுத்து, விலையேற்றத்துக்காகச் சற்றுக் கூட்டி, மாதந்தோறும் தானாகவே மாறும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். குடும்பக் கணக்கு நோட்டுகளில் டயரை “எதிர்பாராத செலவு” என்ற தலைப்பில்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். பக்கச்சுவரில் பிறந்த வாரமே அச்சிட்டிருக்கும் ஒரு பொருள் எப்படி எதிர்பாராததாகும்?

பணம் கட்டும் முன், நான்கு டயரிலும் அந்த நான்கு இலக்கங்களை நீங்களே குனிந்து படித்துப் பாருங்கள். சில நேரம் உட்பக்கச் சுவரில் இருக்கும், பொருத்திய பிறகு பார்ப்பது கடினம். படித்ததை அன்றைய ஓடோமீட்டர் எண்ணோடு நாட்குறிப்பில் எழுதிவையுங்கள்.